பழைய பதிப்பை நீக்கிவிட்டு

பென் டிரைவைக் கணினியில் செருகும்போது இரண்டு சுரம் கேட்கும். முதலாவது தாழ்ந்தது, அடுத்தது சற்று மேலே. பிடுங்கும்போது அதே இரண்டும் தலைகீழாக, மேலிருந்து கீழே. வந்தேன் என்று ஒன்று, போகிறேன் என்று ஒன்று. நாளெல்லாம் காதருகே ஒலிக்கிற சத்தம்தான், யாரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் இறங்குகிற அந்தச் சுரம் சில நாட்களில் உள்ளே போய் ஓரிடத்தில் இடிக்கிறது. பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஹேங் ஆயிட்டீங்களா?" என்கிறாள். ஆமாம் என்கிறேன். வேறென்ன சொல்ல.

என் வேலை பொட்டலம் கட்டுவது. பாயான் பாருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ், கீழே டயர் கடை. மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளை எந்தக் கணினியிலும் போய் உட்காரும்படி ஒரே கோப்பாகக் கட்டித் தருவேன். இன்ஸ்டாலர் என்பார்கள். எழுதியவரின் கணினியில் எல்லாம் இருக்கும், அங்கே அது ஓடுவதில் அதிசயமில்லை. போகிற இடத்தில் எதுவும் இருக்காது. அங்கே அது எதைத் தேடும், எது கிடைக்காமல் விழும் என்று முன்னமே யோசித்து, அதையெல்லாம் கூடவே வைத்துக் கட்டவேண்டும். வெறுமையான ஒரு கணினியை நினைத்து நினைத்துச் செய்கிற வேலை. அதனாலோ என்னவோ, யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் இங்கே எது இல்லை என்பதுதான் எனக்கு முதலில் தெரிகிறது.

நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் எனக்கு ஒரு மாடி கீழே இருந்த அண்ணன் வீட்டில் அப்படி எதுவும் தெரிந்ததில்லை. அண்ணன், அக்கா, இரண்டே பேர், பிள்ளைகள் இல்லை. இருந்தும் அந்த வீடு நிறைந்திருக்கும். நிறைத்தது அண்ணனின் சத்தம். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை அவருக்கு. மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், மாலையில் கடல் காற்றை எல்லாம் சட்டைக்குள் வாங்கிக்கொண்டு வருவார். கிரில் கதவின் பூட்டைத் திறந்துகொண்டே உள்ளே பார்த்து, "ஏய், இருக்கியா?" என்பார். மேல்மாடியில் அரிசி களையும் என் கை ஒரு கணம் நிற்கும், அவ்வளவு சத்தம். அக்கா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. "நான் எங்க போவப்போறேன்? தெனமும் அத கேக்குறாரு பாரு" என்று என்னிடம் மட்டும் சலித்துக்கொள்வார்.

பிறகு அந்தக் குரல் கரகரத்தது. சளி என்றார்கள், புகைப் பழக்கம் என்றார்கள், தொழிற்சாலையின் ஏர்கோன் குளிர் என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில், குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தால் ஆள் இருப்பார், குரல் இருக்காது. கழுத்தில் ஒரு துளை, மூச்சுக்கு.

அன்று மாலை அக்கா மாடி ஏறி வந்தார். கையில் ஒரு கிண்ணம் பாயசம். வெறுங்கையோடு ஏறிவர அவருக்குத் தெரியாது.

"தங்கச்சி, நீ கம்ப்யூட்டர் வேலதான பாக்குற. அவரு குரல எங்கயாச்சும் புடிச்சி வைக்க முடியுமா?"

கைபேசியில் ஏற்கெனவே இருக்குமே என்றேன். இல்லை. அண்ணன் 'ok' என்று தட்டி அனுப்புகிற ஆள். குரலைப் பதிந்து அனுப்பச் சொன்னால், "காத்துகிட்ட பேச நான் என்ன பைத்தியமா?" என்பார். கல்யாண வீடியோவில் அவர் வாய் அசைவது தெரிகிறது, மேலே பாட்டு ஓடுகிறது. ஒரு மனுசன் வீட்டையே அதிர வைத்து வாழ்ந்திருக்கிறார், ஒரு துளி எங்கும் சிந்தவில்லை.

செய்து பார்க்கிறேன் என்றேன். செய்ததும் பெரிய விஷயம் இல்லை. திரையில் பெரிய பெரிய பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் பதிந்துகொள்ளலாம், அமுக்கினால் அது பேசும். கைபேசியில் வேண்டாம், அண்ணனின் விரலுக்கு அந்தத் திரை போதாது. அவரிடம் ஓர் அகலமான மடிக்கணினி இருந்தது. அதில் போடுவதாகப் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மடிக்கணினியைக் கீழே கொண்டுபோய் மைக்கை நீட்டினேன்.

"பேசுங்கண்ணே."

"என்னா பேசுறது?"

"எதையாவது. சத்தம் சரியா விழுதான்னு பாக்கணும்."

"எதையாவதுன்னா? சம்பளம் ஏத்திக் கேக்கவா?" என்றவர், சட்டென்று தொண்டையைச் செருமி, திருவிழாக் கூட்டத்தில் மைக் பிடித்து மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறவராக மாறிப்போனார். "அலோ, அலோ, மைக் டெஸ்டிங். சாத்து, டுவா, தீகா. காணாமப் போன பையன் செருப்பு கழட்டுற எடத்துல நின்னு அழுவுறான், பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போவவும்." கொஞ்சம் நிறுத்தி, சமையலறைப் பக்கம் திரும்பி, "கேக்குதா? கேக்கலன்னா கையத் தூக்கு."

உள்ளே அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தார். மாவோடு கை தானாக மேலே போனது.

"பாத்தியா, தூக்கிட்டா!" அண்ணன் சிரித்த சிரிப்பும் பதிவில் விழுந்தது, கரகரப்போடு.

"கேக்கலன்னா நீ சொன்னது எப்படி கேக்கும்? கூறு கெட்ட மனுசன். தங்கச்சி, அதெல்லாம் அழிச்சிரு லா. நல்ல பேச்சா நாலு பேசச் சொல்லு."

அழிக்கவில்லை. சோதனைக்கு ஏதாவது ஒலி வேண்டும். அந்தத் துண்டுகளையே 'மாதிரி' என்று ஒரு கோப்புறைக்குள் போட்டு, அதையும் சேர்த்து முதல் இன்ஸ்டாலரைக் கட்டினேன்.

அவர் கணினியில் அது லேசில் உட்காரவில்லை. முதலில் நீலத் திரை ஒன்று எழுந்து, இதை வெளியிட்டவர் யாரென்று தெரியாது, ஓடவிட்டால் ஆபத்து என்று எச்சரித்தது. அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"தெரியாதவங்களாம் லா. இத்தன வருசமா மேல் வீட்டுல இருக்கா, சட்டி கேட்டு வர்றா, தெரியாதவங்களாம்."

பிறகு தமிழ் எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. என் கணினியில் இருந்த எழுத்துரு அவருடையதில் இல்லை. மேலே போய் எழுத்துருவையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தேன். பச்சைக் கோடு மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே அண்ணன் தொழிற்சாலைக் கதை சொன்னார். ஒரு மெஷினில் புது மென்பொருளைப் போட்டபோது யாரோ பழையதை முழுக்க நீக்காமல் விட்டுவிட்டார்களாம். எங்கோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய கோப்பைப் புதியது எடுத்துப் படித்துவிட்டு, அந்த உற்பத்தி வரிசையே நின்றுபோனதாம். மேனேஜர் காதில் விழக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னாராம்.

"அன்னைலருந்து நான் சுத்தமா தொடச்சிட்டுத்தான் புதுசு போடுவேன். ஒரு பொட்டு மிச்சம் வைக்க மாட்டேன்."

"அப்ப மெஷினோட கணக்கு, அளவு எல்லாம் போயிடுமே?"

"அது எங்க போவும்? எல்லாம் சர்வர்ல இருக்கும். தொடச்சிட்டு மறுபடி போட்டா அதுவா எறங்கி வந்து உக்காந்துக்கும்."

நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். தொழில்காரர்கள் இருவர் பேசிக்கொள்கிற சுகம். அவ்வளவுதான் அப்போது அது.

பதிவு செய்வதை அவர்கள் இருவருமே பார்த்துக்கொண்டார்கள். நான் கூட இருக்கவில்லை. விசிறி சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதை நிறுத்துவார்கள், சன்னலைச் சாத்துவார்கள், கிரில்லுக்கு உள்ளே மரக்கதவையும் அடைப்பார்கள். மத்தியானங்களில் கீழ்வீட்டு விசிறியின் கடகடப்பு நின்றால் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் அக்காவின் முகம் வேர்வையில் ஊறியிருக்கும். கண்ணும் சேர்த்துத்தான்.

"முடிஞ்சிதாக்கா?"

"எங்க முடியுது. ஒரு மனுசன் ஒரு வீட்டுல இவ்வளவா பேசுறான்னு இருக்கு, தங்கச்சி. இது வேணும், அது வேணும்னு தோணிக்கிட்டே இருக்கு. 'ஏய் இருக்கியா' மட்டும் எத்தன தடவ சொன்னாரு தெரியுமா? ஒன்னும் சரியா வரல. மைக்க பாத்துட்டா அவருக்கு அது வரமாட்டுது. கடைசில மைக்க ஒளிச்சி வெச்சிட்டு, வெளிய போயி கிரில்ல தொறந்துட்டு வாங்கன்னேன். அப்பதான் வந்துச்சி."

எனக்கு ஒரு நகல் கொடுங்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதுல செலது... வேணாம், தங்கச்சி."

புரிந்தது. அதற்குமேல் எப்படிக் கேட்பது. அண்ணன் உள்ளிருந்து, "இங்கதான இருக்கு, எங்க ஓடப்போவுது?" என்றார். நான் அவர் வாயால் நேரில் கேட்டவற்றில் அதுவும் ஒன்று, கடைசிச் சிலவற்றில் ஒன்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணன் இளைத்து, கழுத்தில் ஒரு சல்லாத் துணியோடு, வேறு யாருடைய வீட்டுக்கோ வந்தவர் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் மூச்சு மட்டும் வந்துபோனது, ஈரமாக. நான் மடிக்கணினியைத் திறந்து அவர் முன் வைத்தேன். அக்கா பாத்திரம் கழுவுவதாகப் போக்குக் காட்டிக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றார். அண்ணன் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றின் மேல் விரல் வைத்தார்.

"ஏய், இருக்கியா?"

பின்னால் கிரில் இழுபடும் சத்தம்கூட இருந்தது. சோப்பு நுரையோடு அக்கா அப்படியே நின்றார். இத்தனை வருடக் கல்யாணத்தில் முதல் தடவையாக, திரும்பாமலே, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்.

"இருக்கேன்."

நான் சத்தமில்லாமல் படியேறி வந்துவிட்டேன்.

அடுத்த மாதங்களில் அந்த வீடு மறுபடி பேசியது. டீத்தண்ணி கலக்கு, டீவி சத்தத்தக் கொற, வலிக்குது, வலி இல்ல, போடி. எல்லாம் அதே கரகரப்போடு. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த சீனப் பெண் அதைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி குரல் போகப்போகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அப்படித்தான் இரண்டாம் பதிப்பைக் கட்ட உட்கார்ந்தேன். ஒருவர் வீட்டுக்கான ஒட்டுப்போட்ட சாமான் ஊருக்குப் போகவேண்டுமென்றால் வேறு மாதிரி கட்டவேண்டும். எழுத்துகள் பெரிதாயின. மலாயும் சேர்ந்தது. மைக் டெஸ்டிங் துண்டுகளை எடுத்துவிட்டேன், முன்பின் தெரியாதவர் வீட்டில் அது எதற்கு என்று. புது இன்ஸ்டாலர் முதலில் பழைய பதிப்பை நீக்கவா என்று கேட்கும், நீக்கச் சொன்னால் ஒரு சின்னக் கட்டம் வரும்: 'என் குரல் பதிவுகளையும் சேர்த்து அழிக்கவும்.' அது காலியாகவே வரும். வேண்டுமென்று குறி போட்டால்தான் அழியும். பழையதை நீக்காமல் அப்படியே மேலே புதியதைப் போட்டால் பதிவுகளுக்கு எதுவும் ஆகாது.

பென் டிரைவில் போட்டு முதலில் அண்ணனிடம்தான் கொடுத்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் போன்.

"தங்கச்சி." அக்காவின் குரல் அவ்வளவு மெதுவாக நான் கேட்டதில்லை. "பொத்தான அமுக்குனா சத்தமே வரல."

போய்ச் சேரும்போது மழை. அண்ணன் மேசை முன் உட்கார்ந்திருந்தார். திரையில் அழகான புதிய பொத்தான்கள், ஒவ்வொன்றும் காலி. பழையதை முதலில் நீக்கியிருந்தார், முழுக்க, ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல். அந்தக் கட்டத்தை நிதானமாகப் படித்து, குறி போட்டிருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான். தவறிப் பட்ட விரல் இல்லை அது. பிறையில் காலமெல்லாம் செய்த ஒழுங்கு. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார்.

'இனிமே எறங்கி வரும்ல?'

சொல்லத்தான் வேண்டும். அந்த அறையில் பேச்சு போனவர் நான்தான் என்பது மாதிரி நின்றேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பலகையைத் துடைத்தார், மறுபடி எழுதினார். 'சர்வர்?' மறுபடி ஆட்டினேன். அவர் பலகையைத் துடைத்து, பேனாவை மூடினார்.

தோண்டிப் பார்த்தேன். அழித்த கோப்புகளை மீட்கிற மென்பொருள் எது எதெல்லாம் உண்டோ அத்தனையும். அந்தக் கணினியின் வட்டு, அழித்த இடத்தைக் கையோடு துடைத்துவிடுகிற வகை. அண்ணன் மாதிரியே. பெயர்கள் மட்டும் திரும்பி வந்தன. அக்கா தன் கையால் வைத்த பெயர்கள்: 'கோவமா', 'மழ வருது துணி எடு', 'இருக்கியா'. திறந்தால் உள்ளே எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல். 'இருக்கியா' என்பதற்குள்ளும் அதே கடுகுதான். அக்கா குனிந்து, கடைசிவரை கேட்டார். ஏதாவது இருக்குமோ என்று மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

அன்று அவர் அழவில்லை, ஏசவும் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வெடித்தது, அதுவும் ஒரு தட்டுக்காக. சாப்பிட்ட தட்டை அண்ணன் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தார்.

"கழுவு! நல்லா கழுவு! தொடச்சித் தொடச்சி வை! தட்ட தொடச்ச, மோட்டர தொடச்ச, என்னையும் தொடச்சிட்டு உக்காரு! ஒன்னு மிச்சம் வெச்சா ஒனக்கு ஆவாதே!"

படியில் நின்றிருந்த எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்காமல் போனதுதான் பெரிது. இந்த இடத்தில் அண்ணன் 'போடி' என்று கத்தவேண்டும். அக்கா 'நீ போ' என்று திருப்பவேண்டும். அப்படித்தான் அவர்கள் சண்டை நடக்கும், அப்படித்தான் முடியும். இப்போது ஒருத்தியின் குரல் மட்டும் மேலே போய், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் தனியாகக் கீழே விழுந்தது. மேசையில் ஒரு குத்து விழுந்த சத்தம். பிறகு விசிறி.

தட்டினால் படிக்கிற கணினிக் குரல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அது தெளிவாக, செய்தி வாசிப்பது மாதிரி, 'எனக்குத் தேநீர் வேண்டும்' என்றது. அக்கா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"எடுத்துரு, தங்கச்சி. எவனோ வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு."

எடுத்துவிட்டேன். வீடு பலகைக்குத் திரும்பியது. பேனாவின் கீச்சு, துணியால் துடைப்பது, கீச்சு. சாயங்காலங்களில் ஒன்று நடக்கும். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள், கிரில் திறந்திருக்காது. கீழிருந்து அக்காவின் குரல், சாதாரணமாக, உப்புப் பார்த்துக்கொண்டே சொல்வது மாதிரி: "இருக்கேன்." அவ்வளவுதான். மேலே அரிசி களையும் என் கை நிற்கும்.

இன்ஸ்டாலர்களை நான் தூக்கிப் போடுவதில்லை. எங்கள் தொழிலில் யாரும் போடுவதில்லை. எந்த வீட்டில் எந்தப் பதிப்பு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது, என்றைக்காவது பழையதைத் தேடி வருவார்கள். எல்லாம் ஒரு வட்டில் வரிசையாகக் கிடக்கும். ஒருநாள் ஆபீஸில் அந்த இரண்டும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்தேன். அளவு இடித்தது. எழுத்து சின்னது, மொழி ஒன்றுதான், வசதி எதுவும் இல்லாத முதல் பதிப்பு, எல்லாம் சேர்த்துக் கட்டிய இரண்டாவதைவிடக் கனமாக இருந்தது. இதில் அப்படி என்ன இருக்கிறது? கை மவுஸின் மேல் நின்றது. பிறகு தெரிந்தது. அந்தக் கூடுதல் எடை அண்ணன்தான்.

மாலை மடிக்கணினியோடு கீழே போனேன். என்னவென்று சொல்லவில்லை. சொன்னால் 'இருக்கியா' வந்துவிட்டது என்று அக்கா நினைத்துவிடுவார், அந்தப் பயம் எனக்கு. முதல் பதிப்பைப் போட்டேன். நீலத் திரை மறுபடி எழுந்து, யாரென்று தெரியாது என்றது. தாண்டினேன். ஒரு பொத்தானை அமுக்கினேன்.

"அலோ, அலோ, மைக் டெஸ்டிங்."

அக்கா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். அண்ணன் தன் குரலைக் கேட்கிறவர் மாதிரி இல்லை, யாரோ பழைய கூட்டாளி வாசலில் கூப்பிடுவது மாதிரித் தலையைத் தூக்கினார்.

"இத... அழிக்கச் சொன்னனே" என்றார் அக்கா. "நல்ல பேச்சா பேசுன்னு சொன்னனே."

"இது மட்டும்தாங்க்கா. வேற இல்ல."

"வேற இல்லியா."

"இல்லக்கா."

தலையாட்டிக்கொண்டார். சமாதானம் என்று அதைச் சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியது வேறு, கிடைத்தது வேறு. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் இருப்பதை வைத்துப் புழங்கத் தெரிந்தவர்கள். பசி வந்தால் அண்ணன் 'சாத்து, டுவா, தீகா' அமுக்கினார். மூக்குக்கண்ணாடி தொலைந்தால் காணாமல் போன பையன் செருப்பு கழற்றும் இடத்தில் நின்று அழுதான், அக்கா தேடி எடுத்துவந்து, "பெத்தவங்க வந்துட்டேன், இந்தா" என்று நீட்டினார். சண்டைக்கு அந்தச் சிரிப்புத் துண்டு. அக்கா ஏச ஏச அண்ணன் அதை அமுக்குவார், அக்காவுக்கு வெறி ஏறும். ஆனால் 'ஏய், இருக்கியா' என்பதற்கு ஈடாக எந்தத் துண்டையும் அவர் அமுக்கவில்லை. அந்த இடத்தை இருவரும் காலியாகவே விட்டிருந்தார்கள்.

ஊருக்குப் போகவேண்டிய பதிப்பு என் மேசையிலேயே கிடந்தது. அந்தக் குறிபோடும் கட்டத்தை எடுத்துவிட்டேன். இப்போது நீக்கினாலும் பதிவுகள் போகாது, போக வழியே இல்லை. இதை அண்ணனிடம் சொன்னபோது கேட்டுக்கொண்டு பலகையை எடுத்தார்.

'கேக்குதா துண்டையும் சேத்துக் கட்டு.'

"எல்லாருக்குமாண்ணே?"

'போட்டு முடிச்சதும் மொத சத்தம் அதான் வரணும்.' துடைத்தார். எழுதினார். 'இங்க தொடச்சாலும் அங்கங்க இருக்கும்.' துடைத்தார். எழுதினார். 'சர்வர்.'

அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "எவன் வீட்டுலயோ இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

அப்படியே கட்டினேன். அது இப்போது எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. எங்கோ ஒருவர் குரல் போவதற்கு முந்தைய வாரத்தில் அதைத் திறக்கிறார், முகம் தெரியாத ஒருவர் கரகரவென்று அவரிடம் 'கேக்குதா?' என்கிறார். அங்கே யாராவது கையைத் தூக்கியிருப்பார்களா? தெரியாது. போன பொட்டலம் திரும்பி வந்து சேதி சொல்வதில்லை.

அண்ணனுக்கு நோய் நுரையீரலில் மறுபடி தலைகாட்டியது. இந்த முறை எடுக்க ஒன்றும் இல்லை என்றார்கள். படி ஏற முடியவில்லை. சுங்கை பாக்காப்பில் அக்காவின் அண்ணன் வீடு தரை வீடு, அங்கே போவது என்று முடிவாயிற்று. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அவர்கள் கிளம்பிய அன்றுதான்.

லோரியில் சாமான் ஏறிவிட்டது. முன் இருக்கையில் சன்னலோரம் அண்ணன், மடியில் கணினி. நடுவில் அக்கா. நான் கீழே நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், சார்ஜர் எடுத்தீர்களா என்றேன்.

"எடுத்தாச்சி லா. அத வெச்சித்தான இவரு வாயே" என்றார் அக்கா. "நீ மேல போ தங்கச்சி, தூறல் விழுவுது."

நான் கொடுத்திருந்த பென் டிரைவைக் கணினியிலிருந்து பிடுங்கி அண்ணன் என்னிடம் நீட்டினார். அந்த இரண்டு சுரம், மேலிருந்து கீழே. லோரி உறுமியது. வாகன நிறுத்தத்தைச் சுற்றி, குப்பைத்தொட்டி தாண்டி, ரோட்டுப் பக்கம் திரும்பியது. அண்ணன் சன்னலுக்கு வெளியே மடிக்கணினியின் முகத்தைச் சாய்த்துப் பிடித்தார், ஒலிபெருக்கி என் பக்கம் இருக்கும்படி. எஞ்சின் சத்தத்தில் பாதி கரைந்து, பாதி வந்தது. என் கை எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

"கேக்குதா? கேக்கலன்னா கையத் தூக்கு."